பர்ஸ் தொலைந்தால் ‘புது அட்டை’ கேட்காதீர்கள்: கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிரவுசிங் சென்டர் நாற்காலியில் உட்கார்ந்து, “கார்டு தொலைஞ்சிடுச்சு, புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்க” என்று சொல்வதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. அங்கிருப்பவர் கேட்டபடியே புது விண்ணப்பம் போட்டுவிடுவார். புதிதாக ஆதாருக்குப் பதிந்தால், இந்தக் கைரேகை ஏற்கெனவே இருக்கிறது என்று கணினி கண்டுபிடித்துத் தள்ளுபடி செய்துவிடும். புது ரேஷன் கார்டு கேட்டால், உங்கள் ஆதார் எண் பழைய அட்டையில் ஏறியிருப்பதால் மனு அங்கேயே நிற்கும். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 6 போட்டால் பட்டியலில் பெயர் இரண்டு முறை ஏறலாம்; அது சட்டப்படி தவறு. பான் கார்டில் இன்னும் மோசம். புது எண் கிடைத்தே விட்டால், ஒருவர் பெயரில் இரண்டு பான் என்று 10,000 ரூபாய் அபராதத்துக்கு வழி.

கேட்க வேண்டிய சொல் ‘நகல்’. வாக்காளர் அட்டைக்கு ‘மாற்று அட்டை’ என்றும், பான் கார்டுக்கு ‘ரீபிரிண்ட்’ என்றும் சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான்: எண் மாறாது, பதிவு மாறாது, அட்டை மட்டும் திரும்ப அச்சாகி வரும். எண்ணும், அதோடு இணைந்த செல்போனும் கையில் இருந்தால் பெரும்பாலான வேலை வீட்டிலிருந்தே முடியும். இரண்டில் ஒன்று இல்லாதபோதுதான் அலைச்சல். அதனால் அட்டையைத் தேடும்முன் இந்த இரண்டையும் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதல் நாள்: போனும் எண்களும்

பர்ஸோடு செல்போனும் போயிருந்தால் சிம்தான் முதல் வேலை. எந்த அரசுத் தளத்துக்குப் போனாலும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். வேறொருவர் போனிலிருந்து உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்துப் பழைய சிம்மை முடக்குங்கள். பிறகு நிறுவனத்தின் சொந்தக் கடைக்குப் போய் அதே எண்ணில் நகல் சிம் வாங்குங்கள். ‘அடையாள அட்டையே தொலைந்துவிட்டதே, எதைக் காட்டுவது?’ என்று தயங்க வேண்டாம். ஆதார் எண்ணைச் சொல்லி விரல் வைத்தால் சரிபார்த்துக் கொடுக்கும் ஏற்பாடு அங்கே உண்டு.

நகல் சிம் வேலை செய்யத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது. சிம் மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. இது தெரியாமல் பலர் அன்றைக்கே ஓ.டி.பி. கேட்டுக் கேட்டு, கணக்கே தற்காலிகமாகப் பூட்டிக்கொள்ளும் நிலைக்குப் போகிறார்கள். ஒரு நாள் பொறுங்கள். அதற்குள் ஏ.டி.எம். கார்டை முடக்குவது, எண்களைச் சேகரிப்பது ஆகியவற்றைப் பாருங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் மட்டும் பொறுக்கக்கூடாது. உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். தொலைந்த போன் கருவியை வேறு சிம்மில் ஓடாமல் தடுக்க ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் வழி உண்டு. அதற்குக் கருவியின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணும் (போன் வந்த பெட்டியிலோ பில்லிலோ இருக்கும்) காவல்துறைப் புகார் நகலும் வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். ஆதார் நகல் தவறான கையில் சிக்கியிருந்தால் இரண்டு மூன்று மாதம் இதைக் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது.

அடுத்து எண்கள். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆதார் 12 இலக்கம். வங்கியில் கொடுத்த ஜெராக்ஸ், கேஸ் ஏஜென்சி தாள், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம், வாட்ஸ்அப்பில் எப்போதோ யாருக்கோ அனுப்பிய படம் என்று எங்காவது கிடைக்கும். பான் பத்து எழுத்து. சம்பளம் வாங்குபவருக்குப் படிவம் 16-ல் இருக்கும், இல்லையென்றால் வங்கிக் கிளையில் கேட்கலாம். வாக்காளர் அட்டை எண் மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும். தெரியாவிட்டால் தேர்தல் ஆணையத் தளத்தில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, தொகுதி கொடுத்துத் தேடலாம். கடலூர் மாவட்டத்தில் ஒன்பது சட்டமன்றத் தொகுதிகள். நெல்லிக்குப்பம், வடலூர் என்று ஊர்ப் பெயரைத் தொகுதியாக நினைத்துத் தேடினால் கிடைக்காது. ஓட்டுநர் உரிம எண் கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எடுத்ததானால் டி.என். 31-ல் தொடங்கி, பிறகு உரிமம் எடுத்த ஆண்டு வரும்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதற்குப் போக வேண்டும், எதற்கு வேண்டாம்

ஆதாருக்கும் பான் கார்டுக்கும் காவல்துறை அறிக்கை தேவையில்லை. ரேஷன் அட்டைக்கு இணையத்தில் நகல் கேட்கும்போதும் பொதுவாகத் தேவைப்படாது. ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி., வாக்காளர் அட்டை ஆகிய மூன்றுக்கும் அறிக்கை கேட்பார்கள். எனவே பர்ஸில் என்னென்ன இருந்தது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அறிக்கை போட்டுவிடுங்கள்.

தவறவிட்டிருந்தால் ஸ்டேஷனுக்கு நேரில் போக வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் ‘தொலைந்த ஆவண அறிக்கை’ என்ற பிரிவு இருக்கிறது. சுருக்கமாக எல்.டி.ஆர். என்பார்கள். பெயர், முகவரி, செல்போன் எண், தொலைந்த ஆவணத்தின் வகை, அதன் எண், தொலைந்த இடம், தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் தனி எண்ணோடு அறிக்கை கிடைக்கும். அந்த எண்ணை வைத்து எந்த அலுவலகமும் அறிக்கை உண்மையானதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். விசாரணை எதுவும் நடக்காது. பொய்யாகப் போட்டால் மட்டும் குற்றம்.

இங்கே நடக்கும் பிழை, ஆவண எண்ணைத் தவறாக அடிப்பது. எல்.டி.ஆரில் ஒரு எண்ணும் ஓட்டுநர் உரிமத்துக்கான ‘சாரதி’ தளத்தில் வேறு எண்ணும் இருந்தால் போக்குவரத்து அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். முதல் நாளில் எண்களை எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடியுங்கள்.

பிக்பாக்கெட் என்றால் கதை வேறு. அது திருட்டு; எல்.டி.ஆர். போதாது, ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து முதல் தகவல் அறிக்கை வாங்க வேண்டும். “காணாமல் போச்சுன்னு எழுதுங்க, சீக்கிரம் முடியும்” என்று யாராவது சொன்னாலும், நடந்ததையே எழுதுங்கள். நாளைக்கு உங்கள் ஆவணத்தை வைத்து யாராவது சிம்மோ கடனோ வாங்கியிருந்தால், திருடு போன தேதியைச் சொல்லும் அந்தத் தாள்தான் உங்கள் பக்கம் பேசும்.

கடலூருக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. ஜிப்மருக்கும் வேலைக்கும் தினமும் புதுச்சேரி போய் வருகிறவர்கள் இங்கே அதிகம். முள்ளோடையைத் தாண்டினால் காவல்துறை வேறு, தளம் வேறு. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் பர்ஸ் போனால் தமிழ்நாட்டு எல்.டி.ஆரில் போடுவது சரிவராது. புதுச்சேரி காவல் நிலையத்தில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓடும் பேருந்தில் எங்கே போனது என்றே தெரியவில்லை என்றால், கடைசியாகப் பர்ஸை எடுத்துப் பார்த்த இடத்தைத் தொலைந்த இடமாகக் குறிப்பதுதான் நேர்மையான வழி. திருட்டாக இருந்தால் எல்லையைக் காரணம் காட்டி யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

ஆதார்

மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி. ஆகவே இதை முதலில் முடியுங்கள். உங்கள் நிலை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் நிலை: எண் தெரியும், இணைத்த செல்போன் வேலை செய்கிறது. ‘மைஆதார்’ தளத்தில் எண், திரையில் தெரியும் எழுத்துகள், ஓ.டி.பி. கொடுத்தால் இ-ஆதார் பி.டி.எஃப். கோப்பாக இறங்கும். இதற்குக் கட்டணம் இல்லை. கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும்: பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதைத் தொடர்ந்து பிறந்த ஆண்டு. இன்ஷியல் போடும் நம் ஊர்ப் பெயர்களில்தான் இது தகராறு செய்யும். புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும், இடைவெளி வராது. ஆதாரில் ‘பி. குமார்’ என்று இருந்து 1990-ல் பிறந்தவருக்கு, ‘பி’, புள்ளி, ‘கே’, ‘யு’, அதன் பிறகு 1990. இன்ஷியல் பெயருக்குப் பின்னால் இருந்தால் பெயரின் முதல் நான்கு எழுத்தே போதும். நான்கு எழுத்துக்கும் குறைந்த பெயரானால் உள்ள எழுத்துகளோடு ஆண்டைச் சேர்த்தால் சரி.

பிளாஸ்டிக் அட்டை வேண்டுமானால் அதே தளத்தில் ‘ஆதார் பி.வி.சி. அட்டை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2020-ல் 50 ரூபாயில் தொடங்கிய சேவை இது. பணம் கட்டும்முன் திரையில் இன்றைய தொகை தெரியும். கட்டியதும் 28 இலக்கக் கோரிக்கை எண் வரும், அதைப் படம் பிடித்து வையுங்கள். ஐந்து வேலை நாளுக்குள் அச்சிட்டு அஞ்சல் துறையிடம் ஒப்படைப்பார்கள். பிறகு ஸ்பீடு போஸ்ட். அட்டை ஆதாரில் உள்ள முகவரிக்குத்தான் போகும். நெய்வேலியில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஆதாரில் திட்டக்குடிப் பக்கத்துச் சொந்த ஊர் முகவரி இருந்தால் அட்டை திட்டக்குடிக்குத்தான் போகும். ஆர்டர் போடும்போது அதை மாற்ற வழியில்லை. கடைகளில் லேமினேஷன் மாதிரி அடித்துத் தரும் பிளாஸ்டிக் அட்டையில் பாதுகாப்பு அம்சங்கள் இருக்காது. அதை வாங்க வேண்டாம் என்று ஆதார் ஆணையமே சொல்லியிருக்கிறது. தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் தாளைவிட பி.வி.சி. அட்டையே வாங்கிக்கொள்ளலாம். ஈரம் தாங்கும்.

இரண்டாம் நிலை: எண் தெரியாது, ஆனால் போன் இணைந்திருக்கிறது. அதே தளத்தில் ‘தொலைந்த ஆதார் எண்ணை மீட்க’ என்ற பகுதியில், ஆதாரில் உள்ளபடியே பெயரும் போன் எண்ணும் கொடுத்தால் எண் குறுஞ்செய்தியாக வரும். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் ‘பதிவு இல்லை’ என்று காட்டும். இன்ஷியலை முன்னால் போட்டு ஒருமுறை, பின்னால் போட்டு ஒருமுறை முயலுங்கள்.

மூன்றாம் நிலை: போனே இணைக்கவில்லை, அல்லது பழைய எண் கைவிட்டுப் போய்விட்டது. இதற்குப் பெரும்பாலும் நேரில் போக வேண்டியிருக்கும். தலைமை அஞ்சலகம், சில வங்கிக் கிளைகள், தாலுகா அலுவலக வளாகங்களில் இயங்கும் ஆதார் மையங்கள் ஆகியவற்றில் கைரேகை வைத்துச் செல்போன் எண்ணைச் சேர்க்கலாம். அதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை. 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 75 ரூபாய், ரசீது தருவார்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு, இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எண்ணை இணைக்கும் ஏற்பாடு 2021 முதல் இருக்கிறது. உங்கள் பகுதித் தபால்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஆதார் எண் மட்டும் தெரிந்தால், இணைக்காத வேறு போனுக்கு ஓ.டி.பி. வாங்கியும் பி.வி.சி. அட்டை ஆர்டர் செய்யலாம். அச்சாகும் முன் விவரத்தைத் திரையில் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

கைரேகை விழாதது இந்த மாவட்டத்தில் சாதாரணம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களுக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் தோல் உரிந்துவிடுகிறது. வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்துவிடும். ஆதார் மையத்தில் “விரல் எடுக்கலை, போயிட்டு அப்புறம் வாங்க” என்றால், கண் கருவிழி வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதற்கான கருவி அங்கே இருக்கும். முந்திரி வேலை செய்கிறவர்கள் ஓரிரு வாரம் வேலைக்கு இடைவெளி விட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுப் போனால் ரேகை விழ வாய்ப்பு கூடும்.

அட்டை திருடு போனதென்றால் மைஆதாரில் ‘பயோமெட்ரிக் பூட்டு’ போடலாம். ஆனால் பூட்டியதை மறந்துவிட்டு ரேஷன் கடையில் விரல் வைத்துத் தோற்று, விற்பனையாளரோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. பூட்டியிருந்தால், கடைக்குப் போகும்முன் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போங்கள்.

பிரவுசிங் சென்டரில் ஆதார் இறக்கினால், எழும்முன் அந்தக் கணினியின் ‘டவுன்லோட்ஸ்’ பகுதியிலிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் கோப்பை அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள். லாட்ஜ், கூரியர் போன்ற இடங்களுக்குக் கொடுக்க, முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதாரை அதே தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

ரேஷன் ஸ்மார்ட் கார்டு

2017 ஏப்ரலிலிருந்து நாம் வைத்திருக்கும் மின்னணு குடும்ப அட்டை இது. தொலைந்த மாதத்தில் அரிசி நின்றுவிடாது. பதிவு செய்த செல்போன் எண்ணையோ குடும்பத்தில் ஒருவரின் ஆதாரையோ கொண்டுபோனால் கடையின் விற்பனை இயந்திரத்தில் அட்டையை எடுத்துவிடலாம். பிறகு விரல் வைத்துப் பொருள் வாங்கலாம்.

நகலுக்கு விண்ணப்பிக்கும்முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். குடும்பத் தலைவர் இறந்திருக்கிறாரா? முகவரி மாறியிருக்கிறதா? மகளுக்குக் கல்யாணமாகிப் பெயர் நீக்க வேண்டுமா? அப்படியானால் திருத்தத்தை முதலில் முடியுங்கள். அது ஒப்புதல் ஆன பிறகு நகல் கேளுங்கள். இல்லையென்றால் இறந்தவர் படத்தோடு ஒரு அட்டை வரும், பிறகு திருத்தி இன்னொரு அட்டைக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டும். ‘முதலில் திருத்தம், பிறகு நகல்’ என்பது எல்லா அட்டைக்கும் பொருந்தும்.

1. தமிழ்நாடு பொது விநியோகத் திட்டத் தளத்தில் ‘பயனாளர் நுழைவு’ பகுதியில் பதிவு செய்த செல்போன் எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி. மூலம் நுழையுங்கள்.
2. அட்டை எண், உறுப்பினர்கள், கடையின் பெயர், முகவரி, அஞ்சல் குறியீட்டெண் ஆகியவை சரியா என்று பாருங்கள். அங்கேயே அட்டையின் அச்சுப் பிரதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.
3. நகல் மின்னணு அட்டைச் சேவையைத் திறந்து, காரணமாக ‘தொலைந்தது’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
4. அட்டைக்கு 20, தபாலுக்கு 25 ஆக 45 ரூபாய் இணையத்தில் கட்டுங்கள்.
5. வரும் குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள். நிலையை அறிய அதுதான் வேண்டும்.

இதில் பெரும்பாலோர் சிக்குவது முதல் படியில். 2017-ல் ஆதாரை ஸ்கேன் செய்தபோது, வீட்டில் போன் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையோ யாரோ ஒருவர் எண்ணையோ கொடுத்த குடும்பங்கள் உண்டு. அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ! எண்ணை மாற்றக் குடும்பத் தலைவரின் ஆதாரோடு வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மாவட்டத்தில் பத்து தாலுகா. உங்கள் ரேஷன் கடை எந்தத் தாலுகாவோ அந்த அலுவலகம்தான். கடலூரில் குடியிருந்தாலும் அட்டை குறிஞ்சிப்பாடியில் இருந்தால் குறிஞ்சிப்பாடிக்குத்தான் போக வேண்டும். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை தாலுகாதோறும் நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமில் இந்த வேலை சுலபமாக முடியும். வேலை நாளில் கூலியை விட்டுவிட்டு அலைவதைவிட அந்தச் சனிக்கிழமைக்குக் காத்திருப்பது மேல். சந்தேகம் கேட்க 1967, அல்லது 1800 425 5901.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் சிவப்பு, மஞ்சள் ரேஷன் அட்டைகளுக்கு இந்தத் தளம் எதுவும் பொருந்தாது. பாகூர் பகுதியில் குடியிருப்பவர்கள் கடலூர் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பது வீண். அவர்களுக்குப் புதுச்சேரிக் குடிமைப்பொருள் வழங்கல் துறைதான்.

ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும்

நகல் கிடைக்கும்வரை வண்டி ஓட்ட, டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் இருக்கும் உரிமமும் ஆர்.சி.யும் சட்டப்படி செல்லும். ஆனால் அது டிஜிலாக்கரில் ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ பகுதியில் இருக்க வேண்டும். நீங்களே போட்டோ எடுத்து ஏற்றிய படத்துக்கு மதிப்பில்லை. ரயிலில் அடையாளமாகக் காட்டும்போதும் இதே விதிதான்.

சாரதி தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, உரிமச் சேவைகளில் எண்ணும் பிறந்த தேதியும் கொடுங்கள். விவரங்கள் வந்ததும் நகல் உரிமத்தைத் தேர்ந்தெடுத்து, எல்.டி.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். எண், தேதி, காவல் நிலையம் ஆகியவற்றை நிரப்பி, அறிக்கையையும் முகவரிச் சான்றையும் ஏற்றிக் கட்டணம் கட்டுங்கள். நேரில் வரச் சொன்னால் நேரம் பதிவு செய்துகொண்டு, அச்சிட்ட விண்ணப்பத்தோடு அலுவலகம் போக வேண்டும்.

‘விவரம் இல்லை’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். புத்தக வடிவில் உரிமம் எடுத்த பழையவர்களின் பதிவு கணினிக்கு ஏறாமல் இருக்கும். உரிமம் எடுத்த அலுவலகத்துக்கே போய், பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். விழுப்புரத்தில் எடுத்தது என்றால் கடலூரில் ஏற்ற முடியாது. ஜெராக்ஸ் ஏதாவது இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

நகலில் காலாவதித் தேதி நீளாது. உரிமம் ஓராண்டுக்குள் முடியப்போகிறதென்றால் புதுப்பித்தலையும் சேர்த்தே கேளுங்கள். 40 வயது தாண்டியவர்களுக்குப் படிவம் 1ஏ மருத்துவச் சான்று வேண்டும். ஆர்.சி. நகலுக்கு ‘வாகன்’ தளம், படிவம் 26. வண்டி கடனில் இருந்தால் அந்தப் படிவத்தில் நிதி நிறுவனத்தின் ஒப்புதல் கையெழுத்து இல்லாமல் நகராது. கடனைக் கட்டி முடித்தும் ஆர்.சி.யில் அடமானப் பதிவை நீக்காமல் விட்டவர்கள், அதை நீக்கிவிட்டு நகல் கேட்பதே புத்திசாலித்தனம்.

2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் உரிமமும் ஆர்.சி.யும் ஸ்பீடு போஸ்டில் மட்டுமே வருகின்றன. கையில் தரமாட்டார்கள். முகவரி பிழையால் திரும்பிப் போனால் சுயமுகவரியிட்ட, தபால்தலை ஒட்டிய உறையோடு மறுபடி அலுவலகப் படியேற வேண்டும். கடலூருக்குள்ளேயே இது அடிக்கடி நடக்கிறது. மஞ்சக்குப்பம் 607001, திருப்பாதிரிப்புலியூர் 607002, முதுநகர் 607003. எல்லாவற்றுக்கும் 607001 என்று போட்டுவிட்டு, தெருப் பெயரையும் சுருக்கி எழுதினால் தபால்காரரைக் குறை சொல்ல முடியாது.

வாக்காளர் அட்டை

படிவம் 8. வாக்காளர் சேவைத் தளத்திலோ தேர்தல் ஆணையத்தின் செயலியிலோ நிரப்பலாம். தாளில் எழுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். அதில் இடமாற்றம், திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி எனக் குறித்தல் என நான்கு வகை உண்டு. மாற்று அட்டையைத் தேர்ந்தெடுத்தால் காரணம் கேட்கும்: தொலைந்தது, வெள்ளம், தீ போன்ற நம் கையை மீறிய காரணத்தால் அழிந்தது, சிதைந்தது. காவல்துறை அறிக்கை ‘தொலைந்தது’ என்பதற்குத்தான். பெண்ணையாற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து போன அட்டைக்கு இரண்டாவது காரணத்தைக் குறியுங்கள். வெள்ளத்தில் போனதைத் ‘தொலைந்தது’ என்று எழுதிவிட்டு அறிக்கைக்கு அலைய வேண்டாம். வெள்ளக் காலங்களில் அரசு சிறப்பு முகாம் அறிவித்தால் அங்கேயே எல்லா நகலும் கேட்பது எளிது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கட்டணமில்லாமலே தந்தார்கள்.

வீடும் மாறி அட்டையும் தொலைந்திருந்தால் இடமாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். புது முகவரியோடு அட்டை வரும். போன் எண் இணைந்திருந்தால் 2021 முதல் உள்ள மின்னணு வாக்காளர் அட்டையான இ-எபிக்கை உடனே இறக்கிக்கொள்ளலாம். தேர்தல் நெருங்கிவிட்டதென்றால் பதறாதீர்கள். பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. சந்தேகத்துக்கு 1950.

பான், காப்பீட்டு அட்டை

பான் எளிது. ‘புரோட்டியன்’ அல்லது ‘யு.டி.ஐ.ஐ.டி.எஸ்.எல்.’ தளத்தில் ரீபிரிண்ட் பகுதியில் பான், ஆதார், பிறந்த தேதி கொடுத்து 50 ரூபாய் கட்டினால் உள்நாட்டு முகவரிக்கு அட்டை வரும். எந்த நிறுவனம் கடைசியாக உங்கள் பானைக் கையாண்டதோ அதன் தளத்தில்தான் நடக்கும். ஒன்றில் ‘பதிவு இல்லை’ என்றால் மற்றதில் முயலுங்கள். இ-பான் கோப்பின் கடவுச்சொல் பிறந்த தேதி, எட்டு இலக்கமாக.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் ரேஷன் அட்டை, ஆதாரோடு கேட்கலாம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது தொலைந்தது தெரிந்தால் 1800 425 3993-க்கு அழைத்துப் பதிவு எண்ணைக் கேட்பதே வேகமான வழி.

நகராமல் நின்றால்

ஆதாருக்கு 1947. மாநில அரசு அலுவலகங்களில் தேங்கியிருந்தால் 1100-ல் முதல்வரின் முகவரித் துறை. அதிலும் நகரவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவில் கதை எழுத வேண்டாம். விண்ணப்ப எண், கட்டிய தேதி, கடைசியாகத் தளத்தில் காட்டிய நிலை, உங்கள் போன் எண் ஆகிய நான்கு வரி போதும். ரசீது நகலை இணையுங்கள். இ-சேவை மையத்தில் எந்த வேலை செய்தாலும் அச்சிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். அதில் உங்கள் சொந்த போன் எண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் ஒப்புதல் செய்தியும் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும்.

நகல் வந்த பிறகு பழைய அட்டை சோபா இடுக்கிலிருந்து கிடைப்பதும் நடக்கும். ஆதாரும் பானும் அதே எண்தான் என்பதால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். பழைய வாக்காளர் அட்டையைத் திருப்பித் தருவதாகப் படிவம் 8-லேயே உறுதி கொடுத்திருப்பீர்கள். அதை வாக்குச்சாவடி அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய ஓட்டுநர் உரிமத்தைப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்கி வையுங்கள்.